பாதி கறுத்த சதுரம்

தெல்லிப்பழை
28.01.2024

அத்தானுக்கு,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டுத்தான் வெட்டியிருக்கிறேன். வெட்டியது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று புதுத்தாள் எடுக்கவில்லை.

பொங்கலன்று போனில் நடந்ததை இரண்டு கிழமை யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். இனி நாங்கள் போனில் கதைக்க வேண்டாம். கதைத்தால் நான் கத்துகிறேன், நீங்கள் "லைன் சரியில்லை" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் நான் கத்தினாலும் உங்களுக்குக் கேட்காது, லைன் சரியில்லை என்று நீங்களும் தப்ப முடியாது. ஆகவே கடிதம். நீங்கள் எடுத்தால் நான் வெட்டிவிடுவேன், சொல்லிவிட்டேன்.

அன்று நான் கேட்டது ஒரேயொரு கேள்வி. உங்களுக்குப் பின்னால் நின்று ஒரு பெண் "வாகீ, தேத்தண்ணி ஆறுது" என்றாளே, அது யார்? "ஒஃபிசிலை ஒரு ஆள்" என்றீர்கள். ஒஃபிசில் ஓர் ஆள் உங்களை வாகீசன் என்று கூப்பிடலாம், மிஸ்டர் என்று கூப்பிடலாம். வாகீ என்று கூப்பிட இணுவிலில் இருக்கும், உங்களைப் பெற்ற மாமிக்கு மட்டும்தான் உரிமை. பதினான்கு வருடம் குடும்பம் நடத்திய நானே அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தத் தேநீர் ஆறினால் அவவுக்கு என்ன?

சரி, காரியத்துக்கு வருகிறேன். அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த மயிலிட்டிக் காணியை இராணுவம் விட்டுவிட்டது. ஐந்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய பிறகு போன கிழமைதான் முதல்முறையாக அங்கே கால் வைத்தேன். வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. புல்டோசர் போட்டு எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கியிருக்கிறார்கள். காணி உறுதிப் பத்திரத்தில் "கிழக்கெல்லை பங்குக் கிணற்றின் நடு" என்று இருக்கிறது. பாதிக் கிணறு எங்களுக்கு, மற்றப் பாதி நாகேஸ்வரி அக்கா குடும்பத்துக்கு. அந்தக் கடற்கரையில் உப்பில்லாத தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான். கிணறு கிடைத்தால் எல்லை கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஆறு பரப்புக் காணியும் குடிதண்ணீர் இல்லாத வெறும் நிலம்.

எங்களிடமிருந்த பழைய காணிப்படம் இடம்பெயர்வில் போய்விட்டது. மெல்பேணில் ஏதோ ஒரு சேகரிப்பில் பழைய துறைமுக எஞ்சினியர் ஒருவருடைய படங்கள் கிடக்கின்றன, அதில் மயிலிட்டியும் நாலு சங்கிலிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் இருக்கிறது என்று போன வருடம் பெருமையாகச் சொன்னீர்கள். அதைப் பிரதி எடுத்து அனுப்புங்கள். ஏப்ரல் எட்டாம் திகதி கிராம சேவகர் முன்னிலையில் எல்லைக் கல் போட வேண்டும். போட்டோ எடுத்தால் கோணம் மாறும், அளவு பிடிக்க முடியாது. மேலே கண்ணாடி மாதிரியான வரைபிலிம் வைத்து, உங்கள் கையால் வரைந்து எடுங்கள்.

காணி பார்க்க எங்கள் ஒஃபிஸ் பஞ்சலிங்கம் சேரின் மோட்டார் சைக்கிளில்தான் போய்வந்தேன், அளக்கப்போகிறவர் அவர்தான். அந்தப் பக்கம் இன்னும் பஸ் இல்லை.

கஜானி

*

விக்டோரியா
17.02.2024

அன்புள்ள கஜானிக்கு,

நான் "அன்புள்ள" என்பதை வெட்டவில்லை, பாரும்.

முதலில் கேள்விக்குப் பதில். அவர் பெயர் ஜெசிதா. இந்தச் சிற்றூரில் பழைய தங்கச் சுரங்கப் படங்களை வைத்திருக்கும் அறைக்குப் பொறுப்பு. தாய் தகப்பன் ஊர்காவற்றுறை, அவர் பிறந்தது இங்கே. தமிழ் விளங்கும், கதைப்பார், வாசிக்க மாட்டார். வாகீசன் என்ற பெயர் இங்கே யாருடைய வாயிலும் நுழையவில்லை, எல்லோரும் வாகீ என்றுதான் கூப்பிடுகிறார்கள். டிரக் ஓட்டும் தாடிக்காரனும் வாகீ என்கிறான். அவனைப் பற்றி நீர் கேட்கவில்லை.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீர் ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை, ஆகவே எழுதுகிறேன். நூற்றறுபது வருடத்துக்கு முன் இங்கே தங்கம் கிடைத்தது என்றதும் உலகமே வந்து கிண்டியிருக்கிறது. தங்கம் முடிந்ததும் குழிகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் காலத்து அளவையாளர்கள் மேடு பள்ளம், ஓடை, குழி எல்லாவற்றையும் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு சின்னச் சதுரம், பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஜெசிதா மேசையில் விரித்த முதல் தாளில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு சதுரம் எண்ணினேன். இப்போது அந்த இடங்களில் வீடு கட்டுகிறார்கள். போன வருடம் ஒரு வீட்டின் பின்வளவில் ஊஞ்சல் ஒன்று நிலத்துக்குள் போய்விட்டது, நல்ல காலம் அதில் யாரும் இருக்கவில்லை. பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்தி, குழி எங்கே என்று குறித்து, நடந்துபோய்ச் சரிபார்ப்பதுதான் என் வேலை. 

முதல் நாள் என் கை பழக்கத்தில் குழிக்கு வட்டம் போட்டுவிட்டது, எங்கள் ஊர்ப் படங்களில் கிணற்றுக்குப் போடுவது மாதிரி. ஜெசிதா சிரித்து, "என்ன, தண்ணி அள்ளப் போறியளோ?" என்று கேட்டார். ஆனாலும் வட்டத்தைப் பார்த்து அதிசயப்பட்டார். ஓர் உபகரணமும் இல்லாமல் வெறுங்கையால் இப்படி வட்டம் போடுகிறவனை ஜெசிதா கண்டதில்லையாம். உமக்கு நினைவிருக்கும், நீர் தெல்லிப்பழை நில அளவை ஒஃபிசுக்குப் படம் வரைய வந்த புதிதில் உம்முடைய கிணறுகள் எல்லாம் முட்டை வடிவம். ஒரு மாதம் உம்முடைய படங்களில் கிணறுகளை நான்தான் போட்டேன். அதற்குப் பிறகுதானே நீர் என்னோடு கதைக்கத் தொடங்கினீர். இதை ஜெசிதாவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்.

மெல்பேணுக்கு அடுத்த மாதம் போவேன். அந்தச் சுருள் உடைகிற நிலையில் இருக்கிறது, ஸ்கானில் போட விட மாட்டார்கள், பிலிம் வைத்து எடுக்க ஜெசிதா அனுமதி வாங்கித் தருவார். என் கையால் எடுத்து அனுப்புவேன், கவலைப்பட வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் விடயம். சேரின் மனைவி தவறி எத்தனை வருடம்? சும்மா கேட்டேன். மயிலிட்டிக்கு ஓட்டோ பிடித்தால் வராதா?

உம்முடைய
வாகீசன்

*

தெல்லிப்பழை
09.03.2024

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பென்சிலோடு வாசித்தேன். "ஜெசிதா" என்ற பெயர் ஆறு இடத்தில் வருகிறது. "கஜானி" ஒரு தரம், அதுவும் தொடக்கத்தில், எழுதாவிட்டால் யாருக்கு எழுதுகிறீர்கள் என்று தெரியாது என்பதற்காக. ஜெசிதா சிரித்தார், ஜெசிதா அதிசயப்பட்டார், ஜெசிதா விழுந்து விழுந்து சிரித்தார். அவ்வளவு சிரிக்கிற ஆள் எப்போது வேலை செய்கிறா?

எனக்குப் பொறாமைதான். ஒளித்து வைக்க என்ன இருக்கிறது. என்னுடைய முட்டைக் கிணறுகளைப் பற்றி அவவிடம் சொன்னது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்கு விளங்கவில்லை. அது எங்கள் இரண்டு பேருடைய கதை. ஒஃபிசில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் என் தாளை இழுத்து வைத்து நீங்கள் ஒவ்வொரு கிணறாகப் போடுவீர்கள், நான் பக்கத்தில் நின்று உங்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த விரலைப் பார்த்துத்தான் உங்களைக் கட்டினேன், முகத்தைப் பார்த்து இல்லை. இப்போது அந்த விரலை வேறொருத்தி பக்கத்தில் நின்று பார்க்கிறா. முந்நூற்றுப் பன்னிரண்டு சதுரத்தை நீங்கள் எண்ணி முடிக்கும்வரை அவ எங்கே நின்றா?

சேரின் மனைவி தவறி ஒன்பது வருடம். மோட்டார் சைக்கிளில் எனக்கும் அவருக்கும் நடுவில் படச்சுருள் வைக்கும் தகரக் குழாய் இருக்கிறது, அது என் விலாவில் குத்துகிறது. போகும்போது முழுக்க முழங்கால் வருத்தத்துக்குப் பூசும் எண்ணெய்களைப் பற்றித்தான் கதைப்பார். உங்களுக்கு அவ்வளவு மனக்கஷ்டம் என்றால் நீங்கள் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போங்கள். உங்கள் மோட்டார் சைக்கிள் மாமி வீட்டில் சாக்கு மூடிக் கிடக்கிறது.

ஆறாம் திகதி மூன்று தரம் போன் எடுத்தீர்கள். மூன்று தரமும் வெட்டிவிட்டேன். கடிதம் என்றால் கடிதம்தான். சமாதானம் சொல்ல நினைத்தால் எழுதுங்கள்.

நாகேஸ்வரி அக்காவும் வந்து தன் பக்கத்துக் காணியைப் பார்த்துவிட்டுப் போனா. முகாம், வாடகை வீடு, திரும்ப முகாம் என்று திரிந்த மனுசி. "கிணத்தைக் கண்டால் எனக்குக் காணும் பிள்ளை" என்றா. எட்டாம் திகதிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. படம் வந்து சேர வேண்டும்.

கஜானி

*

விக்டோரியா
26.03.2024

அன்புள்ள கஜானிக்கு,

இத்துடன் மயிலிட்டிப் படத்தின் பிரதி. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், திகதிக்கு முன் கிடைக்கும். என் கையால் எடுத்தது. அளவைச் சரிபார்த்திருக்கிறேன். கோயில் மடத்தின் அத்திவாரமும் துறைமுகக் கல்லணையும் படத்தில் உள்ளன. அந்த இரண்டும் இன்றும் நிலத்தில் இருந்தால், அவற்றிலிருந்து அளந்து மற்ற எல்லாவற்றையும் பிடிக்கலாம்.

வேலை அதிகம் என்பதால் கொம்பியூட்டரில் அடித்து எடுத்திருக்கிறேன். குறை நினைக்க வேண்டாம். போன் எடுத்தது சும்மாதான், விசேடம் ஒன்றும் இல்லை.

சேரோடு போய்க் காரியத்தை முடியும்.

வாகீசன்

*

தெல்லிப்பழை
21.04.2024

வாகீசன் அவர்களுக்கு,

கல் போட்ட கதையை ஒழுங்காக எழுதுகிறேன். எழுதி முடித்தால் உங்களோடு எனக்கு அலுவல் முடிந்துவிடும்.

படம் ஐந்தாம் திகதி வந்தது. உறையைப் பிரித்ததும் அச்சடித்த கடிதம். பதினான்கு வருடத்தில் நீங்கள் எனக்குக் கடைச் சாமான் பட்டியலைக்கூட அச்சடித்துத் தந்ததில்லை. அடியில் கையெழுத்தும் இல்லை, பெயரையும் மெஷின்தான் எழுதியிருக்கிறது. படத்தை விரித்தேன். வடக்கு அம்பின் வாலில் நீங்கள் போடுகிற கொக்கி இல்லை. அதற்கு மேல் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, சுருட்டிச் சேரிடம் கொடுத்துவிட்டேன். அதுதான் நான் விட்ட பிழை.

எட்டாம் திகதி எல்லோரும் நின்றார்கள். மடத்து அத்திவாரத்திலும் கல்லணையிலும் இருந்து சேர் அளந்து வந்தார். எங்கள் காணி இருக்க வேண்டிய இடத்தில் படத்தில் பாதி கறுத்த ஒரு சதுரம். சேர் முப்பத்தைந்து வருடம் இந்த மண்ணை அளந்தவர். அவருக்குச் சதுரம் என்றால் கட்டடம். "பாதி கறுப்பெண்டால் பாதி இடிஞ்ச வீடு, இதுதான் உம்மடை வீடு" என்றார். குசினி வாசலில் இருந்து கிணறு கிழக்கே நாற்பதடி என்று அம்மா சொல்லித் தந்திருக்கிறா. நாற்பதடி அளந்து, அங்கே முளை அடித்து, கிண்டினோம். இரண்டடியில் வெறும் பாறை. மண்வெட்டி மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த முளையைப் பார்த்துவிட்டு நாகேஸ்வரி அக்கா பக்கத்தில் வந்து நின்றா. "பிள்ளை, முப்பத்திநாலு வருசம் அவங்கள் வைச்சிருந்தாங்கள். இப்ப நீர் ஒரு தாளைக் கொண்டுவந்து என்ரை காணிக்குள்ளை வாறீர்" என்றா. கிராம சேவகர் இரண்டு கிழமை தவணை தந்துவிட்டுப் போனார். எனக்கு அந்தப் புழுதியிலேயே இருந்து அழ வேண்டும் போல இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிடவில்லை. படத்தை என் மேசையில் விரித்தேன். கிணறு தேட விரிக்கவில்லை, அவவைத் தேட விரித்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். உங்கள் எழுத்து வலப்பக்கம் சாயும், இது நெட்டையாக நிற்கிறது. கோடு முடியும் இடத்தில் உங்கள் பேனை ஒரு புள்ளி விடும், இதில் இல்லை. ஓரிடத்திலும் நீங்கள் இல்லை. பிறகு கோயில் பக்கம் கண் போனது. வடக்கு வீதியில் ஒரு சதுரம், பாதி கறுப்பு. அந்த இடத்தில் வீடு ஒருநாளும் இருந்ததில்லை. அங்கே இருப்பது கோயில் கிணறு, இன்றைக்கும் இருக்கிறது.

அப்போதுதான் உங்கள் முதல் கடிதம் ஞாபகம் வந்தது. குழிக்குச் சதுரம், பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பழைய படத்தில் இருந்த கிணற்று வட்டங்களை எல்லாம் தங்கக் குழி என்று நினைத்து, தான் பழகிய மாதிரியே மாற்றி வரைந்திருக்கிறா. ஆயிரம் கிணறு போட்ட உங்கள் கை செத்தாலும் கிணற்றுக்குச் சதுரம் போடாது. இது ஊர்காவற்றுறைக்காரியின் மகள் போட்டது. என் அம்மாவின் காணியை, என் கிணற்றை, அவவின் கை தடவி எடுத்திருக்கிறது. நீங்கள் "என் கையால்" என்று அச்சடித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

சேரிடம் சொன்னேன். இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சதுரத்தின் நடுவிலேயே கிண்டினோம். கல்லும் கம்பியும் தகரமும் போட்டு நிரப்பியிருந்தார்கள். நாலாம் அடியில் வளைந்த கட்டு தெரிந்தது. நாகேஸ்வரி அக்கா இறங்கி அந்தக் கட்டில் கையை வைத்தபடி இருந்தா. "உதிலைதான் நானும் கொம்மாவும் வாளிக்குச் சண்டை பிடிக்கிறனாங்கள்" என்றா. முளைகளை நாற்பதடி மேற்கே மாற்றி அடித்தோம். அக்கா தன் கையால் ஒரு முளை பிடித்தா.

காணி பிழைத்துவிட்டது. உங்கள் பொய்யை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவ வரைந்தா என்று எழுதியிருந்தால் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் சாப்பிட்டிருப்பேன். ஒளித்தால் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இனி அச்சடித்த கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன். உங்கள் கையால் எழுத மனமிருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருங்கள்.

கஜானி

*

விக்டோரியா
12.05.2024

கஜானி,

இது என் கை. இடது கை. எழுத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரிதான் போகிறது. ஒன்பது நாளாக எழுதுகிறேன்.

மார்ச் ஐந்தாம் திகதி குழிக்குள் விழுந்தேன். படத்தில் அந்தக் குழியைக் குறித்தது நான்தான். ஒரு சங்கிலி, அறுபத்தாறு அடி, தள்ளிக் குறித்துவிட்டேன். அன்றைக்கு மனம் வேலையில் இல்லை. உம்மைப் பஞ்சலிங்கம் சேரின் மோட்டார் சைக்கிளில் ஏற்றி மயிலிட்டி வரைக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். நீர் என்னோடு போகும்போது ஒரு கையால் என் சட்டையைப் பிடிப்பீர். அவருடைய சட்டையையும் பிடிப்பீரோ என்று நினைத்தேன். அடுத்த அடி நிலத்தில் இல்லை. பன்னிரண்டு அடி. மேல் மண் சரிந்து அடியில் மெத்தை மாதிரிக் கிடந்ததால் பிழைத்தேன்.

வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. இரண்டு சத்திரசிகிச்சை. மூன்று விரலில் உணர்ச்சி இல்லை. வரும் என்கிறார்கள். எப்போது என்று சொல்கிறார்கள் இல்லை.

ஆறாம் திகதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான் மூன்று தரம் எடுத்தேன். உம்மில் குறை சொல்லவில்லை. நீர் முன்பே சொல்லித்தான் வெட்டினீர். பிறகு உம்முடைய கடிதம் வந்தது. அந்த விரலைப் பார்த்துத்தான் கட்டினேன் என்று எழுதியிருந்தீர். அதை வாசித்த பிறகு எப்படிச் சொல்வேன்? கட்டுப் போட்ட கையை மேசையில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

படத்தை ஜெசிதாதான் வரைந்தார். நான் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். மருந்து மயக்கம், சதுரத்தைக் கவனிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய பேனை மயிலிட்டிக் கரையில் போகும்போது எனக்கு நெஞ்சு எரிந்தது. என் மனுசியின் காணியை நான் அல்லவா வரைய வேண்டும். உமக்கு அவவில் பொறாமை. எனக்கு அவவின் கையில் பொறாமை. "என் கையால்" என்று எழுதியது அதனால்தான். அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் விட்டால் நீர் பிறகு கண்டுபிடிப்பீர். இங்கே வேலைக்குப் பொத்தான் சட்டைதான் போட வேண்டும். ஒரு கையால் பூட்ட முடியாது. ஆறு கிழமை காலையில் ஜெசிதா பொத்தான் பூட்டிவிட்டார். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒன்றுமே நினைக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ஒரு பெண் கிட்ட நின்று பொத்தான் பூட்டுவது நன்றாக இருந்தது. நான்காம் கிழமை அளவில் காலை விடிவதைப் பார்த்திருந்தேன். அது தெரிந்ததும் பயந்துபோய் ஒரு கையால் பூட்டப் பழகினேன். இப்போது இருபது நிமிடம் எடுக்கிறது. மேல் பொத்தான் இன்னும் முடியவில்லை.

ஜூன் முடிய வேலை முடிகிறது. நடந்து குழி பார்க்கவும் வரையவும் முடியாதவனை வைத்திருக்க மாட்டார்கள். நாங்கள் இரண்டு பேருமாகத் தெல்லிப்பழையில் ஒரு படம் வரையும் இடம் போடுவோம் என்று சொன்னோமே. இந்தக் கையை வைத்துக்கொண்டு உமக்கு நான் எதற்கு?

கீழே ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். கிணறு. பதினேழு தரம் போட்டதில் இதுதான் திறம்.

வரட்டோ என்று கேட்டு எழுதுகிறேன்.

வாகீசன்

*

தெல்லிப்பழை
08.06.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை மூன்று நாள் பிரிக்கவில்லை. உறையில் இருந்த விலாசம் ஏதோ சின்னப்பிள்ளை எழுதியது போல இருந்தது, அவ தமிழ் எழுதப் பழகுகிறா என்று நினைத்தேன். பிரித்த பிறகு வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மூன்று தரம் வெட்டினேனே, அதற்குத்தான் முதலில் அழுதேன். இனி நீங்கள் எடுத்தால் வெட்ட மாட்டேன். நேற்று நான் எடுத்தேன், நீங்கள் தூக்கத்தில் இருந்திருப்பீர்கள்.

பிறகு பொத்தானை வாசித்தேன். அழுகை நின்றுவிட்டது. நான்காம் கிழமை விடிவதைப் பார்த்திருந்தீர்களாம். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது, வயிறு எரிவதை அதற்காக நிறுத்த முடியவில்லை. ஒரு சட்டையில் ஏழு பொத்தான். ஆறு கிழமை, கிழமைக்கு ஐந்து நாள். இருநூற்றுப் பத்துப் பொத்தான். இதை வேலை நேரத்தில் தாளில் பெருக்கிப் பார்த்தேன், சேர் எட்டிப் பார்த்து "என்ன பரப்போ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அவருடைய சட்டையை நான் பிடிப்பதில்லை. சீற்றுக்குப் பின்னால் இருக்கிற கம்பியைத்தான் பிடிக்கிறேன். அதை நினைத்துக் குழிக்குள் விழுந்தது உங்களுக்கு வெட்கம், எனக்குக் கொஞ்சம் சந்தோசம். இப்படி எழுதக்கூடாதுதான், இருந்தாலும் அதுதான் உண்மை.

கிணற்றை இறைத்து முடித்துவிட்டோம். நாலு நாள் இறைத்தோம், ஐந்தாம் நாள் ஊற்று வந்தது. நாகேஸ்வரி அக்கா முதல் வாளியைத் தூக்கி எனக்கு வார்த்தா, நான் அவவுக்கு வார்த்தேன். உப்பில்லை.

காணிப்படத்தை நான்தான் வரைகிறேன். எல்லை, ஒழுங்கை, மடம், வடக்கு அம்பு எல்லாம் முடிந்துவிட்டது. கிணறு மட்டும் போடவில்லை. சேர் கேட்டார், "அவர் வந்து போடுவார்" என்றேன். கை எப்படியென்று சொன்னேன். "அப்ப ஜூலை வரைக்கும் வைச்சிருப்பம்" என்றார். நீங்கள் போட்டு அனுப்பிய வட்டத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என்னுடைய பழைய கிணறுகளைவிட மோசம். ஒரு மாதம் நான் உங்கள் கிணறுகளைப் போட்டுத் தருகிறேன், பிறகு நீங்களாகப் பழகலாம். பக்கத்தில் நின்று பார்க்க ஆள் தேவையென்றால் நான் நிற்கிறேன். வேறு ஒருவரும் தேவையில்லை.

இந்தப் பார்சலில் பனங்காய்ப் பணியாரம் ஒரு டப்பா இருக்கிறது. அது ஜெசிதாவுக்கு. கிணற்றுக்காகவும் கைக்காகவும். அவவின் பெயரை இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு தரம்தான் எழுதியிருக்கிறேன், எண்ணிப் பாருங்கள். டப்பாவை ஒஃபிசில் எல்லோருக்கும் முன்னால் கொடுங்கள், தாடிக்காரனுக்கும் ஒன்று கொடுங்கள்.

மற்றது உங்களுக்கு. இங்கே பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் ஐந்து ரீசேட் எடுத்தேன். நோகிற கையை முதலில் விட்டு, பிறகு தலையைப் போட்டால் சுகமாக ஏறும், சேரை வைத்துப் பழகிப் பார்த்தோம். குளிர் என்றால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். ஒன்றிலும் பொத்தான் இல்லை. பிளேன் ஏறும்வரை இவற்றைத் தவிர வேறொன்றும் போட வேண்டாம்.

உங்கள் பொத்தான் சட்டைகளைத் தோய்த்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். இங்கே வந்து போடலாம்.

கஜானி